பின்னுக்குப் போகத் தெரியாத ட்ரெயிலர் அண்ணை

லண்டன் தமிழர்களின் சாமான்களைக் கடல் கடத்தியதில் கப்பல் கம்பனிகளுக்கு இரண்டாம் இடம்தான். முதல் இடம் ட்ரெயிலர் அண்ணைக்கு. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் பாரிஸிலிருந்து லண்டனுக்கு, லண்டனிலிருந்து சுவிஸுக்கு என்று யார் வீடு மாறினாலும் அவருடைய சின்னச் சிவப்புக் காரும் அதன் பின்னால் கொளுவிய ட்ரெயிலரும்தான் வந்து நிற்கும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் விசாரித்ததில்லை.

கார் சின்னது, ட்ரெயிலர் பெரியது. இறக்கத்தில் எது எதை இழுக்கிறது என்று சொல்ல முடியாது. ஏற்றம் வந்தால் ஏறியிருப்பவர்கள் இறங்கி நடக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் குறையாக எடுக்கவில்லை. அண்ணையிடம் இருந்த குறை ஒன்றே ஒன்று: ட்ரெயிலரைக் கொளுவிக்கொண்டு பின்னுக்குப் போக அவருக்குத் தெரியாது.

“நான் இடப்பக்கம் திருப்ப அது வலப்பக்கம் போகுது தம்பி. சொல்லுக் கேளாததோட எனக்கென்ன கதை?”

அந்தக் கோபத்தில் றிவேர்ஸ் கியரையே தலைமுழுகிவிட்டார். ஆகவே யார் கூப்பிட்டாலும் அவருடைய முதல் கேள்வி எத்தனை பெட்டி என்பதல்ல. “உங்கட றோட்டுக்கு மற்றப் பக்கத்தாலை வெளியேற வழி இருக்கோ?” வழி இல்லையென்றால் ட்ரெயிலரைக் கழற்றி நாலு பேர் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். சவுத்தாலில் ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கினார். சுவிஸில் வழி தவறி ஒரு பண்ணைக்குள் போனவர், மாடுகளுக்கு நடுவே ஒரு வட்டம் அடித்து, பண்ணைக்காரருக்குக் கை காட்டிவிட்டு வந்தாராம்.

நான் அவரிடம் போனது வேறு வழியில்லாமல். கல்யாணமாகி ஒரு வருசமாக நான் லூயிஷாமில் இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில். மனைவி பாரிஸில் தமையன் வீட்டில். வாடகைக்கு ஒரு வீடு அகப்பட்டால்தான் நாங்கள் குடும்பம். கடைசியில் இல்ஃபோர்டில் ஒன்று அகப்பட்டது. வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சாங்கம் பார்க்காமல் தும்மவும் மாட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் துவங்குது. அதுக்கு முன்னம் சாமானோட வந்தால் வீட்டுத் திறப்பு உம்மட கையிலை. பிந்தினால், ராகு காலம் முடிய ஆறு மணிக்கு வேறை ஆக்கள் வருகினம். அவைக்குக் குடுத்திடுவன்” என்றார்.

அண்ணைக்காக றோட்டைப் பற்றியும் கேட்டேன். “மற்றப் பக்கத்தாலை வழி இருக்கு” என்றார். எந்த மாதிரி வழி என்று நான் கேட்கவில்லை.

அண்ணையோடு போய் மனைவியையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, அந்த ஞாயிறு விடியவே பாரிஸில் புறப்பட்டோம். புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் அண்ணை ஒரு திருப்பத்தைத் தவற விட்டார். வேறு யாராவது என்றால் பத்து அடி பின்னுக்கு எடுத்திருப்பார்கள். நாங்கள் பாரிஸை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினோம்.

பால் காய்ச்சும் புதுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்த என் மனைவி பொறுக்க மாட்டாமல் கேட்டாள். “ஏனண்ணை, கொஞ்சம் பின்னுக்கு எடுத்தால் என்ன?”

“பிள்ளை, முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தால் எல்லா இடமும் வரும்.”

டோவரில் சுங்க அதிகாரி ட்ரெயிலரை மூடியிருந்த படங்கை விலக்கிப் பார்த்தார். கட்டிலுக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் ஆட்டுக்கல் வீற்றிருந்தது. பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு ஏன் கல் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். “காலைச் சாப்பாட்டுக்கு” என்று அண்ணை ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னார். அதிகாரி கல்லைத் தூக்கிப் பார்க்க முயன்றார். பிறகு எங்கள் மூவரையும் பரிதாபமாகப் பார்த்து, போகச் சொன்னார்.

இல்ஃபோர்டில் அந்த வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது மணி நாலு நாற்பது. எதிரே ஒரு கார் வெளியே வந்துகொண்டிருந்தது. உள்ளே வீட்டுக்காரர். நாலரை வரை காத்திருந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டிருக்கிறார். ஒழுங்கையின் மறுமுனையில் மதில். மதிலோரம் ஆட்கள் நடந்து போக ஒரு இடுக்கு. அதுதான் அவர் சொன்ன வழி.

மனைவி பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அழத் தொடங்கிவிட்டாள்.

வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கினார். “பிந்திப்போச்சு. பின்னுக்கு எடும், நான் போகவேணும்.”

“ஏலாது ஐயா” என்றார் அண்ணை.

“ஏன் ஏலாது?”

“எனக்குத் தெரியாது.”

“ட்ரெயிலர் வைச்சிருக்கிறீர், றிவேர்ஸ் தெரியாதோ?”

“ஓம்.”

நான் அப்போது சைக்கிள் தவிர வேறொன்றும் ஓட்டாதவன். ஆட்டுக்கல்லோடு ட்ரெயிலரைத் தூக்கவும் முடியாது. வீட்டுக்காரர் போக முடியாது, நாங்களும் போக முடியாது. அவர் இறங்கி வந்து வானத்தைப் பார்த்தார். அண்ணையும் இறங்கி வந்து வானத்தைப் பார்த்தார். மே மாத வெயில் நல்லாக எறித்தது.

“ஐயா, ஒண்டு கேக்கிறன். மார்ச் மாசம் கோடைக்கெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது ஆர்?”

“கவுன்மேந்து.”

“ராகுவும் தள்ளினவரோ?”

வீட்டுக்காரர் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தார்.

“ராகு காலம் சூரியனை வைச்சுத்தானே ஐயா? சூரியனுக்கு இன்னும் நாலு மணிகூட ஆகேல்லை. நீங்கள் ஆறு மணிக்கு மற்ற ஆக்களுக்குத் திறப்புக் குடுப்பியள் பாருங்கோ, அதுதான் அசல் ராகு காலம்.”

வீட்டுக்காரர் லண்டனுக்கு வந்த நாள் முதல் கோடைகாலங்களில் நல்ல நேரம் என்று நம்பி எங்கெங்கெல்லாம் போனாரோ, அத்தனையும் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். அடுத்த நிமிடம் திறப்பு என் மனைவியின் கையில் இருந்தது.

“கெதியா வாங்கோ! நேரம் போகுது!”

ஆட்டுக்கல்லின் ஒரு பக்கத்தை நானும் அண்ணையும் பிடித்தோம். மறுபக்கத்தை வீட்டுக்காரர் பிடித்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது அவரே “பொங்கிப்போச்சு!” என்று கத்தினார். வெறும் ட்ரெயிலரைத் தூக்கித் திருப்பி வைக்கவும் நின்று உதவிவிட்டுத்தான் போனார். அண்ணைக்கு மட்டும் பின்னுக்குப் போகத் தெரிந்திருந்தால், வீட்டுக்காரர் அன்று நாலு நாற்பத்தொன்றுக்கே போயிருப்பார். வீடும் போயிருக்கும்.

சில வருசம் கழித்துச் சொந்தமாக வீடு வாங்கப் போனோம். விற்பனை முகவர் குசினியைக் காட்டினார், தோட்டத்தைக் காட்டினார். என் மனைவி கேட்டது ஒரே கேள்வி: “றோட்டுக்கு மற்றப் பக்கத்தாலை வெளியேற வழி இருக்கோ?” அதையும் தானே முனைவரை நடந்து பார்த்து வந்த பிறகுதான் சம்மதித்தாள்.

ட்ரெயிலர் அண்ணை இப்போது கார் ஓட்டுவதில்லை. ட்ரெயிலரை எப்போதோ விற்றுவிட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும் என் மனைவி எங்கள் காரைத் தள்ளி நிறுத்துகிறாள். வாசலில் ஒரு சின்னக் காருக்கும் ஒரு ட்ரெயிலருக்கும் அளவாக இடம் கிடக்கிறது.

“அண்ணை பஸ்ஸிலைதானே வாறார்” என்றேன்.

“இருக்கட்டும்” என்றாள்.