முப்பத்திரண்டு ஜிபியில் பிள்ளையாருக்கு ஒன்று

நெருப்பைக் கண்டுபிடித்தவன் கமிட்டி போடாமல் கண்டுபிடித்தான். அதனால்தான் அது இன்றுவரை சுட்டுக்கொண்டிருக்கிறது. மந்தைவெளி சுக்ருதி ஃப்ளாட்ஸ் உரிமையாளர் நலச் சங்கத்தில் அந்தத் தவறு ஒருநாளும் நடக்காது. அங்கே மாடிப்படி பல்பு போனால்கூட, இருட்டில் கூட்டம் கூடி, தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் வெளிச்சம் வரும்.

செயலாளர் சந்தானகோபாலன் தணிக்கைத் துறையில் முப்பத்தைந்து வருடம் பிறர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். ஒரு வேலையையும் தானாகச் செய்து கெடுத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் கையில்தான் அந்த வரலாற்றுப் பொறுப்பு வந்து சேர்ந்தது. சங்கம் வாங்கப்போகும் லேப்டாப்பில் எவ்வளவு மெமரி போடுவது?

கேள்வியைக் கிளப்பியவள் தங்கபுஷ்பம். சங்க ஆபீஸின் ஒரே ஊழியர். ரசீது, தண்ணி லாரி, புகார் எல்லாம் அவள் பாடு. பழைய லேப்டாப்பில் இருந்தது நாலு ஜிபி. ஒரு ரசீது அடித்துவிட்டு அடுத்ததைத் திறப்பதற்குள் அரைக் கிலோ கத்தரிக்காய் நறுக்கிவிடலாம். முன்பெல்லாம் தாமதமானாலும் கவலையில்லை, ஆற்றோரத்தில் பத்து நிமிட நடையில் வீடு. அரசாங்கத்தில் அதை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் குடிவைத்துவிட்டார்கள்.

"எட்டு ஜிபி இருந்தா போதும் சார்," என்றாள். "பொட்டி ஹேங் ஆயிக்கினே கீது. அஞ்சேமுக்கா பஸ்ஸ வுட்டா அடுத்தது ஏழரைக்குத்தான். கொயந்தைய பக்கத்து வூட்ல வுட்டுட்டு வரேன். ஏழு மணிக்கு அந்தக்கா டூட்டிக்குப் பூடும். அப்பால அது தனியா குந்திக்கினு இருக்கும்."

'ஊழியரின் கருத்து பெறப்பட்டது' என்று சந்தானகோபாலன் எழுதிக்கொண்டார். தணிக்கைத் துறையில் இதற்குக் 'குப்பைக்கூடை' என்று பொருள்.

ஞாயிற்றுக்கிழமை, ராகு காலத்துக்கு முன்பாகவே, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் கூடியது. மூன்றாவது மாடி நிரஞ்சன் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன். எட்டே போதும், ரொம்ப பயமாக இருந்தால் பதினாறு போடுங்கள் என்றான். அந்தக் கட்டடத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் வாடகைக்கு இருப்பவன். வாடகைக்காரருக்கு ஓட்டு கிடையாது என்பதால் கையை இறக்கச் சொன்னார்கள். காபி மட்டும் கொடுத்தார்கள்.

அப்போதுதான் கீழ்த்தளத்துக் கோமளம் மாமி அந்த அமரத்துவம் வாய்ந்த கேள்வியைக் கேட்டார்.

"பதினாறுங்கறேளே, அதுல எங்க பங்கு எவ்வளவு?"

யாரும் சிரிக்கவில்லை. ஃப்ளாட்டில் மனை பங்கு, மொட்டை மாடி பங்கு, கிணற்றுத் தண்ணீர்கூடப் பங்கு; மெமரி மட்டும் வானத்திலிருந்து குதித்ததா? சந்தானகோபாலனுக்கு மெய் சிலிர்த்தது. கால்குலேட்டரை எடுத்தார். இருபத்துநாலு வீட்டுக்குப் பதினாறு ஜிபி என்றால் வீட்டுக்கு ஒன்றுகூட வரவில்லை. சொந்த வீட்டுக்காரன் ஒரு முழு ஜிபிக்கு வக்கில்லாமல் மயிலாப்பூர் பக்கம் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? மூன்று படுக்கையறைக்காரர்கள் சதுர அடிக் கணக்கில் பிரிக்கச் சொன்னார்கள். லிஃப்டில் கால் வைக்காதவர்களுக்கு மெமரி எதற்கு என்று ஒருவர் கேட்கப்போக, கோமளம் மாமி இரண்டு கூட்டங்களுக்கு அவரோடு பேசவில்லை.

இப்படி நாலு மாதம், ஐந்து கூட்டம். தங்கபுஷ்பம் தினமும் ஏழரை பஸ்ஸில் போனாள்.

கடைசியில் சந்தானகோபாலனின் மேதைமை வென்றது. வீட்டுக்கு ஒன்றாக இருபத்துநாலு. பொது இடங்களான லிஃப்ட், தொட்டி, மோட்டார் அறை, ஜெனரேட்டர், வாட்ச்மேன் அறை, மொட்டை மாடி, விருந்தினர் கார் நிறுத்தம், வாசல் பிள்ளையார் ஆகியவற்றுக்குத் தலா ஒன்று. ஆக முப்பத்திரண்டு. பிள்ளையாரின் ஒரு ஜிபி மட்டும் விவாதமே இல்லாமல் நிறைவேறியது.

சந்தனமும் குங்குமமுமாக லேப்டாப் வந்து இறங்கியது. தங்கபுஷ்பம் அன்றைய வேலையை மதியத்துக்குள் முடித்துவிட்டாள். ஐந்தரைக்குப் பையைத் தோளில் மாட்டினாள். நாலு மாதத்தில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

"எங்கே கிளம்பிண்டிருக்கே?" என்றார் சந்தானகோபாலன். "நாலு ஜிபி முப்பத்திரண்டு ஜிபியாச்சு. எட்டு மடங்கு. அப்போ உன் எட்டு மணி நேர வேலை ஒரு மணி நேரத்துல முடியறது. பாக்கி ஏழு மணி நேரம் யாரோடது? சங்கத்தோடது."

கையில் பட்டியல் தயாராக இருந்தது. கூரியர் பதிவேடு, பூந்தொட்டிப் பதிவேடு, வீடுவாரித் தண்ணீர்க் கணக்கு, கோமளம் மாமியின் கொலு அழைப்பு. இனி தினமும் ஏழு மணி வரை.

"சார், அந்தப் பழைய பொட்டியவே குடுத்துடுங்க," என்றாள் தங்கபுஷ்பம்.

சந்தானகோபாலன் மனம் நொந்துபோனார். இந்த ஜனங்களுக்கு எவ்வளவு செய்தாலும் முன்னுக்கு வர மனசில்லையே! அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டினார். 'தொழில்நுட்ப வளர்ச்சியை ஏற்க ஊழியர் தயங்குவதைச் சங்கம் கவலையுடன் குறித்துக்கொள்கிறது' என்று அவர் தீர்மானம் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் தட்டச்சு தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால், தங்கபுஷ்பமே அடித்தாள். புது லேப்டாப் துளிகூடத் தயங்கவில்லை.

மணி ஏழு. அவளுடைய போன் அடித்தது.

"படியிலயே குந்திக்கினு இரு கண்ணு. எங்கயும் பூடாத. அம்மா வந்துக்கினே கீறேன்," என்றாள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

கூட்டத்தில் போன் பேசக் கூடாது என்ற விதியை அவளுக்கு நினைவூட்டிய சந்தானகோபாலன், ஒதுக்கீட்டுப் பட்டியலைக் கடைசியாக ஒருமுறை படிக்கச் சொன்னார். ஒருவர்கூட விடுபடக் கூடாது என்பது அவர் கொள்கை. இருபத்துநாலு வீடு, லிஃப்ட், தொட்டி என்று தொடங்கிப் பிள்ளையார் வரை அவள் நிதானமாகப் படித்தாள்.

"யாரையாவது விட்டுட்டோமா?"

"இல்ல சார். வூடு, மோட்டாரு, சாமி, அல்லாம் கீது."

"அப்போ ஒருமனதா நிறைவேறிடுத்து," என்றார் சந்தானகோபாலன்.