மச்சானின் மொட்டைத் தலையில் பாறைப்பல்லி

கோபக்காரன் பக்கம் நியாயம் மட்டும் இருந்துவிடக் கூடாது. நியாயமில்லாத கோபம் ஒரு கிளாஸ் தே தாரேக் டீயில் அடங்கிவிடும். என்னுடையது இன்னும் அடங்கவில்லை.

பினாங்கு மலையடிவாரத்தில் எங்கள் முருகன் கோயில். பின்னால் லாரி அளவுக்கு ஒரு கருங்கல் பாறை. மரங்கள் கவிந்து நிற்பதால் எப்போதும் ஈரம், நிழல். அதன் வெடிப்புகளில்தான் பாறைப்பல்லிகளின் குடித்தனம். (டியூப் லைட்டுக்குப் பின்னால் கத்துகிறதே, அது இல்லை.) கட்டைவிரல் நீளம், கல்லின் நிறம். பட்டப்பகலில் பாறையின் அடியில் தலைகீழாக நின்று நம்மை முறைக்கும். முட்டைகளை வெடிப்புக்குள் கல்லோடு ஒட்டிவைக்கும். வாரம் முழுக்க பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை வேலை, ஞாயிற்றுக்கிழமை இந்தப் பாறை என்று நானே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது.

திருவிழா வந்தது. பாறையை வாட்டர் ஜெட் அடித்துக் கழுவி, மஞ்சள் பெயிண்ட் பூசி, திருநீற்றுப் பட்டை போடுவதாகக் கோயில் தலைவர் முடிவெடுத்தார். தலைவர் வேறு யாருமல்ல, என் மனைவியின் அண்ணன்.

பெயிண்ட் டின்களுக்கு முன்னால் போய் நின்றேன். உலகத்தையே திருத்திவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"மச்சான், கல்லு நிறத்துலதான் அதுங்க ஒளிஞ்சு பொழைக்குது. மஞ்சள்ல நின்னா பறவைங்களுக்கு இலை போட்டுப் பரிமாறின மாதிரி!"

"பல்லிதானே மாப்ளே? காடு பூரா கல்லு கெடக்கு. போயிக்கும் லா."

"உங்க வீட்ட இடிச்சிட்டு, பட்டர்வொர்த் பூரா வீடு கெடக்கு, போங்கன்னா போவீங்களா?"

"சரி, எங்க ஒண்ணக் காட்டுங்க."

நான் போட்ட கூச்சலில் ஒரு பல்லி வெளியே இருந்தால்தானே! முட்டையையாவது காட்டலாம் என்று போன் டார்ச்சைப் பிடித்தபடி வெடிப்புக்குள் கையை விட்டேன். (முட்டையைக் காப்பாற்றப் போனவன் முட்டையிருக்கும் இடத்திலேயே முஷ்டியை நுழைக்கிறான். அறிவு!) கை போனது. போனோடு திரும்பி வரவில்லை.

"போன விடுங்கண்ணே, கை வந்துரும்," என்றார் ஜெட் அடிக்க வந்தவர்.

"விடமாட்டேன்! நீங்க ஜெட்ட நிறுத்துங்க!"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே."

பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு, நான் பல்லிகளின் உரிமையைப் பற்றி முழங்கினேன். மச்சான் தலையில் அடித்துக்கொண்டு வந்து, வெடிப்பருகே குனிந்து, என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். உள்ளேயிருந்து ஒரு பல்லி புறப்பட்டது. என் கைமேல் ஓடியது. தோளிலிருந்து ஒரே தாவு. எண்ணெய் தடவிய மச்சானின் மொட்டைத் தலையில் வழுக்கி, ஒரு சுற்று சுற்றி, பாறைக்கே திரும்பிவிட்டது.

கோயில் பொருளாளர் அவசரமாகப் போனை எடுத்து, பல்லி விழும் பலனைத் தேடினார்.

"தலைவரே, தலையில விழுந்தா கலகமாம்."

"அதான் அப்பவே வந்துருச்சே. கைய மாட்டிக்கிட்டு நிக்குது பாரு!" என்றார் மச்சான். ஆனால் முகம் வெளுத்துவிட்டது. குளிக்க ஓடினார். ஓடும்போதே கத்தினார்: "பாறையில ஒருத்தனும் கை வைக்காதீங்க! சாமிக்குப் பிடிக்கல!"

எனக்கு வந்த கோபம்! நிழல், ஈரம், முட்டை என்று தொண்டை வற்றக் கத்தினேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஒரு பல்லி வழுக்கி விழுந்ததும் பெயிண்ட் டின்கள் திரும்பிப் போயின. போனை விட்டேன், கை வந்தது. பிறகு போனைக் கம்பியால் இழுத்தெடுத்தோம்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் அடங்கியிருப்பேன். அடுத்த வாரமே வெடிப்பைச் சுற்றிக் குங்குமம். அப்புறம் விளக்கு. அப்புறம் பால்! பாலுக்கு எறும்பு வரும், எறும்பு முட்டையை விடுமா? வெள்ளிக்கிழமைகளிலும் பாறையே கதி என்று ஆனேன். "கற்பூரத்தத் தள்ளி வைங்க! பால் ஊத்தாதீங்க!" கத்தக் கத்தக் கூட்டம் கூடியது. கோபக்காரப் பூசாரி என்றால் சக்தி அதிகமாம்.

ஒருநாள் ஒரு அக்கா, "சாமி, என் மகளுக்கு எப்ப வரன் அமையும்?" என்று கும்பிட்டார்.

"பால் ஊத்தாம போங்க, அமையும்!" என்று எரிந்து விழுந்தேன்.

மனைவி வீட்டில் இப்போது எனக்குப் பெயரே கிடையாது, பூசாரிதான். போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது மச்சானிடமிருந்து போன்.

"பூசாரி, எங்க இருக்கீங்க? அந்த அக்கா மகளுக்கு வரன் அமைஞ்சிருச்சாம். குடும்பத்தோட பாறைக்கிட்ட நிக்கிறாங்க."

"கையில என்ன மச்சான்?"

"ஒரு குடம் பாலு."