மேடு ஏறாத டர்போ

தண்ணீர்த் தொட்டி மேட்டில் கார் மறுபடியும் பாதியிலேயே மூச்சு வாங்கியது.

அவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தார். வண்டி உறுமியது. நகர்ந்தது. அவ்வளவுதான். ரொட்டி வேன் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு அவரைக் கடந்து போனது. அதன் பின்னால் ஒரு ஸ்கூட்டர். ஸ்கூட்டரில் மூன்று பேர். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போன வாரம்தான் அந்தச் சின்னக் காரின் பழைய இன்ஜினை இறக்கிவிட்டு டர்போ இன்ஜின் ஏற்றியிருந்தார். டர்போ என்றால் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும், இன்ஜினுக்கு இரட்டை மூச்சு என்று தெருவில் எல்லோருக்கும் விளக்கியும் இருந்தார். இப்போது அதே தெருக்காரர்கள் அவரை ஸ்கூட்டரில் தாண்டிப் போகிறார்கள்.

அவர் பம்ப் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் அதிகாரி. பிறர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு மையில் ‘ரிஜெக்ட்’ என்று முத்திரை குத்துவது உத்தியோகம். தொழிலாளர்கள் நேரில் சார் என்பார்கள். அவர் நகர்ந்ததும் ரிஜெக்ட் சார் என்பார்கள். அது அவருக்குத் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

“என்னய்யா வேலை செஞ்சிருக்கே? ரொட்டி வண்டி என்னைத் தாண்டிப் போகுது.”

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். உள்ளே கையை விட்டு, ஆக்சிலேட்டர் கேபிள் போய் முடியும் இடத்தில் விரலால் இழுத்தார். இன்ஜின் அலறியது. டர்போ விசிலடித்தது. அலமாரியில் இருந்த ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்தது.

“எங்க சார் குறை?”

“இங்க கத்துது. ரோட்டுல ஏற மாட்டேங்குது.”

“சாவியக் குடுங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“என் சீட்டுல யாரும் உக்காரக் கூடாது.”

அது அவருடைய சட்டம். முதுகுவலி வந்த காலத்தில் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்திச் சரியான இடம் கண்டுபிடித்து, அது நகரும் கம்பித் தடத்தில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். அதிலிருந்து அந்தக் கோட்டை யாரும் மீறியதில்லை.

“ஓட்டிப் பாக்காம எப்படி சார் கண்டுபிடிக்கிறது?”

“டாக்டர் என்ன, என் வயித்துக்குள்ள இறங்கியா பாக்கறார்?”

மெக்கானிக்குக் கோபம் வந்தது. ஆனால் கையில் இருந்த துணியை முறுக்கியதோடு நிறுத்திக்கொண்டார். எங்கேயோ காற்று கசியலாம் என்று டர்போவின் ரப்பர் குழாய்களை எல்லாம் புதிதாகப் போட்டார். வண்டி வெளியே வந்தது. மேடு ஏறவில்லை. கூடுதலாக, கியர் மாற்றும்போதெல்லாம் யாரோ தும்முவது போல் ஒரு சத்தம்.

அடுத்த நாள் பெட்ரோல் பங்க்காரரிடம் போனார். “தண்ணி கலந்து விக்கிறீங்களா?” அங்கே வாக்குவாதம் முற்றி, டாங்கில் இருந்த பெட்ரோலை எல்லாம் கீழே வடித்துவிட்டு, உன் பெட்ரோலே வேண்டாம் என்று வீராப்பாகக் கிளம்பினார். வாசல் தாண்டுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. அதே பங்க்குக்கு கேனோடு திரும்பி வர வேண்டியதாயிற்று. பங்க்காரர் மிகுந்த மரியாதையோடு கேனை நிரப்பினார். அது அவருக்கு இன்னும் எரிந்தது.

மறுபடி ஒர்க்‌ஷாப்.

“கேபிள் தொய்வா இருக்குமோ என்னவோ” என்று மெக்கானிக் அதை முறுக்கி இழுத்துக் கட்டினார். இப்போது வண்டி மேட்டில் கொஞ்சம் கூடுதலாக ஏறியது. ஆனால் காலை எடுத்தாலும் கத்தியது. சிக்னலில் அவர் சும்மா உட்கார்ந்திருக்க, கார் மட்டும் பக்கத்து வண்டிகளோடு சண்டைக்கு நின்றது. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

“என்ன சார், ரேஸா?”

“நான் மிதிக்கவே இல்ல.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.”

மெக்கானிக்கிடம் திரும்பிப் போய்க் கேபிளைப் பழையபடி தளர்த்தச் சொன்னார். மெக்கானிக் தளர்த்திவிட்டு, “சார், கும்பிடறேன். வேற ஆளப் பாருங்க” என்றார்.

“குறைய ஒத்துக்க மாட்டே, அதானே?”

“நான் இழுத்தா ஓடுது. நீங்க மிதிச்சா ஓடல. இதுல நான் எத ஒத்துக்கறது?”

வீட்டில் மனைவி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார்.

“ஒருத்தனுக்காவது ஒழுங்கா வேலை தெரியுதா இந்த ஊர்ல?”

“ஞாயித்துக்கிழமை பஸ்லயே போயிடலாமே.”

“பஸ்லயா? உன் தம்பி அதுக்குத்தானே காத்துக்கிட்டிருக்கான்.”

வினையே அந்தத் தம்பியால் வந்ததுதான். மாமனார் வீடு மலைமேல். அந்தப் பாதையில் அதுவரை அவரை யாரும் தாண்டியதில்லை. கடைசியாகப் போனபோது மச்சினன் தன் ஓட்டை வண்டியில் சர்ரென்று தாண்டிப் போய், வாசலில் நின்றபடி, “வாங்க மாமா, நாங்க சாப்பிட்டு முடிச்சிட்டோம்” என்றான். அன்று இறங்கிய கோபம்தான் டர்போவாக ஏறியது. இன்ஜின் வந்த அன்றே மச்சினனுக்குப் போன் போட்டு, “இந்தத் தடவை உனக்கு முன்னாடி நான் மேல போய்ச் சேரலன்னா, சாவிய உங்கக்கா கையில குடுத்துட்டு ஆயுசு பூரா பக்கத்து சீட்டுல உக்காந்துக்கறேன்” என்று சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய அவமானம் அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கடைசிப் பயணத்துக்குக் கொஞ்சம் முன்பு, பேனாக்கோடு விழுவதற்கும் முன்னால், மனைவிக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏற்ற வரவில்லை. இது உனக்கு வராது என்று அவளையும் ரிஜெக்ட் செய்துவிட்டார்.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள்.

“வண்டியப் பத்தின்னா வேண்டாம்.”

“அப்ப வேண்டாம்.”

அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் மச்சினன் காத்திருந்தான். அவன் வண்டியின் கூரையில் அப்பாவுக்காக வாங்கிய இரும்பு அலமாரி ஒன்று கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

“கிளம்பலாமா மாமா? அலமாரி இருக்கு, மெதுவாத்தான் வருவேன்.”

“உன் சவுகரியம்” என்றார்.

முதல் வளைவிலேயே அலமாரி அவரைத் தாண்டிப் போனது.

அவர் மிதித்தார். முட்டிக்கால் வலிக்க மிதித்தார். டர்போ ஏதோ முனகியது. இரண்டாவது வளைவில் பஸ் தாண்டியது. மனைவி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். அடுத்ததாக ஒரு டிராக்டர். டிராக்டர்காரர் கரிசனத்தோடு, “ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. ஓரம் கட்டினார். இறங்கினார். டயரை உதைத்தார்.

“மெக்கானிக் திருடன். இன்ஜின வித்தவன் திருடன். பெட்ரோல் போட்டவன் திருடன். தரை வரைக்கும் மிதிக்கிறேன், தரை வரைக்கும்! ஒரு மனுஷன் இதுக்கு மேல என்ன செய்ய முடியும்?”

மேலே எங்கேயோ மச்சினன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

“இந்தா” என்று சாவியை மனைவியிடம் நீட்டினார். “சொன்ன வார்த்தை சொன்ன வார்த்தைதான். நீயே உருட்டிக்கிட்டுப் போ. உனக்கும் இதுக்கும்தான் பொருத்தம்.”

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். சுற்றி வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கால் எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுத்தாள். பேனாக்கோட்டைத் தாண்டி அது வழுக்கிக்கொண்டு போவதை அவர் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தார்.

அவள் குனிந்து ஆக்சிலேட்டருக்குக் கீழே இருந்த மிதியடியை விலக்கினாள். எதையோ பிடித்து ஆட்டினாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். பிசின் விடும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து, உள்ளங்கை அகல மரக்கட்டை ஒன்றை அவர் மடியில் வைத்தாள். பம்ப் பெட்டியில் அறுத்தெடுத்த கட்டை. ஒரு பக்கத்தில், கொஞ்சம் மங்கலாக, ‘ரிஜெக்ட்’ என்று சிவப்பு முத்திரை.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பிப் பார்த்தார்.

அவள் வண்டியைக் கிளப்பி, கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்:

“நான் ஓட்டக் கத்துக்கிறப்ப, முழுசா மிதிச்சிடக் கூடாதுன்னு நீங்க ஒட்டி வச்சது. ‘நான் சொல்ற வரைக்கும் இதத் தொடாதே’ன்னீங்க. இன்னும் சொல்லவே இல்லையேங்க.”