தோள்பட்டைக்கு வெளிச்சம், எனக்குப் பாத்திரம்

இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அந்த லைட் இருக்க வேண்டும். சோப்பு நுரை முழங்கை வரை வழிய, கையிலிருந்த சட்டியின் மேல் சத்தியம் செய்தேன். சட்டி வேறு அடிப்பிடித்திருந்தது. யாரையும் திட்ட வழியில்லை. சமைத்ததும் நான்தான்.

என் கோபம் நியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். என் மனைவி வீட்டிலேயே மெஷின் போட்டுத் திரைச்சீலை தைப்பவள். வலது தோள்பட்டையில் ரொம்ப நாளாக வலி. தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே "அம்மா!" என்று நிறுத்திவிடுவாள். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. தைலம் தேய்த்தோம். வெந்நீர்ப் பை வைத்தோம். ஒருவர் மெல்லிய ஊசிகளாகக் குத்தினார். குத்திய இடம் வலித்ததில் பழைய வலி கொஞ்ச நேரம் மறந்திருந்தது. இன்னொருவர் கலர் கலராக டேப் ஒட்டிப் பார்சல் மாதிரி அனுப்பிவைத்தார். ஆபரேஷன் என்ற பேச்சு வந்ததும், "உடம்புல கத்தி படக் கூடாது" என்று இவள் ஒரே பிடிவாதம். கடைசியில் வந்து வாய்த்தவர்தான் லைட் டாக்டர்.

லைட் டாக்டர் என்பது நான் வைத்த பேர். பிசியோதெரபி படித்த சின்னப் பெண். எப்போதும் சிரித்த முகம். அந்தச் சிரிப்போடு ஒரு ஸ்டாண்டும் செக்கச்செவேல் என்று ஒரு பல்பும் கொடுத்தனுப்பினாள்.

"தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் தோள்ல லைட் படணுமாம்," என்றாள் மனைவி.

"படட்டும்."

"பட்டப்புறம் தூங்கற வரைக்கும் கையை அசைக்கக் கூடாதாம்."

"அசைக்காதே."

"தண்ணியிலயும் வைக்கக் கூடாதாம்."

"வைக்காதே."

"அப்ப பாத்திரம்?"

அங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

பாத்திரத்தோடு நின்றதா? துணி பிழிவது நான். வாளி தூக்குவது நான். தரை துடைப்பது நான். ராத்திரிச் சமையலும் என் தலையில். ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன், அறைக் கதவு சாத்தப்படும். கதவிடுக்கில் சிவப்பு வெளிச்சம் வழியும். வெளியே என் கண் அதைவிடச் சிவந்திருக்கும்.

"ஏங்க, தட்டுச் சத்தம் கொஞ்சம் கம்மியா வரட்டும். தசை தளரணுமாம்."

"தசைக்கு என்ன கேடு? தளர்ந்துபோனது நான்!" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க. அதுலயும் தசை இறுகுது."

சில வாரத்தில் வலி குறைகிறது என்றாள். நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. நான் எடை ஆய்வாளன். கடைகளில் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிறவன். வாடிக்கையாளன் மாதிரி நுழைந்து, சாமான் வாங்கி, சட்டென்று பையிலிருந்து சோதனை எடைக்கல்லை எடுத்து வைப்பேன். கடைக்காரன் முகம் வெளுத்துவிடும். ஊரையே இப்படி ஆட்டிவைக்கிற நான், ஒரு பல்புக்காகக் கரண்டி கழுவுவதா?

வலி குறைவது லைட்டால் அல்ல, மனப்பிரமையால் என்று நிரூபிக்கத் தீர்மானித்தேன். கடையில் அதே அளவில் ஒரு சாதாரணச் சிவப்பு பல்பு வாங்கினேன். அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை மாட்டினேன். நிஜ பல்பைத் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன். அவள் கைக்கு எட்டாத இடம் என்றால் அதுதான்.

அன்று சாயங்காலம் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்படி இருக்கு?"

"சூடு நல்லா உள்ள இறங்குதுங்க."

சிரிப்பை அடக்க முடியாமல் துணி பிழியும் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். அன்றைக்கே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் ஒரு தடவை சோதித்தால் கடைக்காரன் தற்செயல் என்று வாதாடுவான். சாட்சியம் சேரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம் தேய்த்தேன், துடைத்தேன், பிழிந்தேன். அவளோ நாளுக்கு நாள் தேறினாள். சாதா பல்பின் முன்னால் உட்கார்ந்தே கை தோளுக்கு மேல் போயிற்று. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அது அவள் கைக்கான ஆனந்தமா, என் வெற்றிக்கானதா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அடுத்த முறை லைட் டாக்டரிடம் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டர், "கை நல்லா வருதே!" என்று சிரித்ததுதான் தாமதம், மேஜையில் ஓங்கிக் குத்தினேன்.

"வராம என்ன? ஒரு மாசமா இவ உக்காந்தது உங்க லைட்டுல இல்லை, நான் மாட்டின சாதா பல்புல! எல்லாம் பித்தலாட்டம்! உங்க பித்தலாட்டத்துக்கு நான் பாத்திரம் தேய்க்கணுமா?"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தாள். என் மனைவி நிதானமாகக் கைப்பையை மூடினாள்.

"ஏங்க, நீங்க போய் எடைக்கல்லு வெச்சா கடைக்காரன் தராசை நேரா வெக்கறான். நீங்க வெளிய போனப்புறம் என்ன பண்றான்னு என்னிக்காவது திரும்பிப் போய்ப் பாத்திருக்கீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்க மாட்டின பல்பு பாத்ரூம் லைட் மாதிரி மினுக்குன்னு எரிஞ்சுது. சூடே இல்லை. உங்க குரல்லயே சந்தேகம் வந்து, இறங்குதுன்னு சும்மா சொல்லி வெச்சேன். பரண்ல தேடினேன், இருந்துச்சு. நீங்க ஆபீஸ் கிளம்பினதும் நல்ல பல்பை மாட்டி அரை மணி நேரம் உக்காருவேன். அப்புறம் உங்க பல்பை மாட்டிருவேன். முதல் நாள் ஸ்டூல் போட்டு, இடது கையால எடுத்தேன். இப்ப ஸ்டூல் வேண்டாம். வலது கையே எட்டுது."

சொல்லிவிட்டுக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். முழுசாகத் தூக்கினாள். சந்தோஷத்தில் எனக்குக் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. அது இன்னும் எரிச்சல்.

"அப்ப சாயங்காலம் அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணே?"

"தூங்கினேன்."

"டாக்டர்! ரெண்டு வேளையும் லைட் காட்டச் சொன்னீங்களா?"

"ஒரு வேளை போதும் சார். வலிக்கு லைட் ஒரு துணைதான். துணி பிழியறது, வாளி தூக்கறது, தைக்கறது, மூணையும் அந்தத் தோள் தாங்காது, தையலையாவது வீட்டு வேலையையாவது விடுங்கன்னு சொன்னேன்."

"மெஷினை விட்டா நான் என்ன ஆவேன்? வீட்டு வேலையை விடறேன்னு சொன்னா நீங்க செஞ்சிருப்பீங்களா?" என்று மனைவி என்னைக் கேட்டாள். குரல் உயரவில்லை. ஆனால் அந்த அறையிலேயே அதிகக் கோபம் அவளிடம்தான் இருந்தது. "டாக்டர் சொன்னாங்கன்னா செய்வீங்க. அதான் லைட் மேல பழியைப் போட்டேன்."

மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளை செய்வதையே நானும் செய்தேன். விருட்டென்று எழுந்தேன். இடுப்பில் சுரீர் என்றது. ஒரு மாதம் தூக்கிய வாளியின் கைங்கரியம். அந்த வலியோடு அருமையான யோசனையும் வந்தது. லைட் இவளுக்கு மட்டும்தானா எழுதிவைத்திருக்கிறது?

"ஐயோ, என் இடுப்பு!"

டாக்டர் ஓடிவந்து அழுத்திப் பார்த்தாள். குனியச் சொன்னாள். நிமிரச் சொன்னாள்.

"உக்காந்தா வலி எப்படி சார்?"

எவ்வளவு கூடச் சொல்கிறேனோ, அவ்வளவு நேரம் லைட் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். "உக்காந்தா உயிரே போகுது டாக்டர்!"

"நடந்தா?"

நடக்கும்போது வலிக்கிறதா என்று யார் கவனித்தது? "நடந்தா ஒண்ணும் இல்லை."

"அப்ப பயப்பட வேண்டாம். லைட்டே தேவையில்லை. சும்மா உக்காராம, நின்னு செய்யற வேலையா செய்யுங்க. வாளி மட்டும் பாதியா தூக்குங்க."

என் மனைவி முகத்தில் அக்கறை சொட்டச் சொட்ட முன்னால் வந்தாள். "டாக்டர், ஜன்னல் துடைக்கலாமா?"

"தாராளமா!"

திரும்பும் பஸ்ஸில் பாதி சீட் காலி. ஜன்னலோரம் உட்கார்ந்த என் மனைவி, வீடு வரும்வரை என்னை உட்கார விடவில்லை.