கனகத்தின் காமிராவைத் திருப்பிக் கேட்கவும்

ஒரகடம்,
ஆனி மாதம், 1974.

அன்பு மைத்துனன் தசரதனுக்கு, அத்தான் பரசுராமன் எழுதிக்கொள்வது. உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் எங்கள் ஆசிகள். உன் அக்காள் கனகம் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. பம்பாய் மழை உங்களை அதிகம் சிரமப்படுத்தவில்லை என்று நம்புகிறேன்.

நிற்க. பொங்கலுக்கு வந்தபோது அக்காளுக்கு நீ ஒரு காமிரா கொடுத்துவிட்டுப் போனாயல்லவா? இக்கடிதம் கண்டதும் அதைத் திருப்பிக் கேட்டு அவளுக்கு ஒரு கடிதம் போடு. மேலதிகாரி கேட்கிறார், ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும், எதையாவது சொல்லிக்கொள். காரணம் சொல்லாமல் கேட்டால், மனைவி நாலு பேருக்குத் தெரிந்தவளாவது அத்தானுக்குப் பொறுக்கவில்லை என்று நீ நினைக்கக்கூடும். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நீ ரயில் ஏறிய மறுநாளே கனகம் என்னிடம், “நான் போட்டோ புடிக்கக் கத்துகினு கல்யாணத்துக்கெல்லாம் போகப் போறேங்க” என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவன் வாய் சும்மா இருக்குமா? ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம், விலையோ நம் கைக்கு அதிகம். “கனகம், குழந்தை முதலில் மணலில் எழுதும், பிறகுதான் பலகை. சைக்கிளைக்கூட ஸ்டாண்டு போட்டு மிதித்துப் பழகுகிறவன் உண்டு. நீயும் பிலிம் போடாமலே கொஞ்சநாள் பழகு” என்று உதாரணத்தோடு சொன்னேன். அவளும் ஒப்புக்கொண்டாள். காமிராவுக்குள் எதுவும் இல்லை என்பது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை, தம்பி, அதுதான் வினையாகிவிட்டது.

முதலில் பால்காரக் கிளியம்மாளை எருமையோடு நிறுத்தினாள். பெட்டி ‘டக்’ என்றதும் கிளியம்மாளுக்கு ஒரே சிரிப்பு. மறுநாள் அவளே எருமையைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி ஓட்டிக்கொண்டு வந்தாள். பிறகு வண்டிக்கார மண்ணாங்கட்டி, டீக்கடைக்காரர் சின்னப்பையன், அவர்கள் வீட்டார் என்று தெருவே வந்தது. கனகமும் சளைக்காமல், “மோவாயத் தூக்கு, கண்ணச் சிமிட்டாத, மூச்சப் புடிச்சிக்கோ” என்று தினமும் நிற்க வைத்தாள். வெயில் முகத்தில் விழாமல் நான் பக்கத்தில் குடை பிடித்தேன். சின்னப்பையன் அரக்கோணத்தில் இருக்கும் மகளுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்று ஒவ்வொரு தடவையும் சவரம் செய்துகொண்டு வருவார். அவர் கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் குடையைத் தாழ்த்தி என் முகத்தை மறைத்துக்கொள்வேன்.

பங்குனி பிறந்ததும் எல்லாரும் படம் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குச் சட்டென்று வந்த பதில், “கழுவக் கொடுத்திருக்கிறது” என்பதுதான். அது உலகம் ஒப்பும் பதில், ஆனால் சித்திரை முழுக்க அதையே சொல்ல முடியுமா? “இன்னா சார், எங்க வண்ணான் மூட்டத் துணிய ஒரே நாள்ல வெளுத்துக் குடுக்கறான், எம்மூஞ்சி ஒண்ண கழுவ மூணு மாசமா? அம்மாம் அழுக்காவா கீறேன்?” என்று கிளியம்மாள் பஸ் ஸ்டாப்பில் வைத்துக் கேட்டாள். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து நான் பேப்பர் படிக்க ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். முழங்கால் வலி இப்படி வந்ததுதான்.

இப்போது பெரிய ஆபத்து. போன வாரம் நாகப்பன் வந்தார். வாலாஜாபாத்தில் அரிசி மண்டி வைத்திருக்கிறாரே, அவர்தான். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். “எங்க வூட்டுப் பொம்பளைங்க ஆம்பள போட்டோக்காரனப் பாத்தா முந்தானையால மூஞ்ச மூடிக்கிறாங்க. பெரியவளு கல்யாணப் படத்துல பாதி வெறும் பொடவதான் கீது. நீயே வந்து எடும்மா, ஊர்ல குடுக்கறத உனக்கும் குடுத்துடறேன். இந்த ஊரையே எடுத்துக்கினு கீறியாமே, அதுல நாலு காட்டு. அமாவாச கழிச்சி வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் கனகம் காமிராவை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிறகு, “கூலி குடுத்து என்னிய ஒருத்தர் கூப்புடறது இதான் மொதோ தபா” என்றாள். அவ்வளவுதான். நான் குடையை மடித்து மடித்து விரித்தேன்.

இப்போதாவது பிலிம் போட்டு எடுத்தால் என்ன என்று கேட்பாய். யாரை நிறுத்தி எடுப்பது? மறுபடி நில்லுங்கள் என்றால், முன்னே எடுத்தது எங்கே என்பார்கள். உண்மையைச் சொன்னால் ஊர் சிரிக்கும், நாகப்பன் காதுக்கும் போகும். சொல்லாவிட்டால் காட்டப் படமில்லை. ஆகவே காமிராவை நீ கேட்டுவிட்டாய் என்றால் ஒருவர் முகமும் கெடாது. அவள் இரண்டு நாள் வருத்தப்படுவாள், ஆனால் அவமானப்பட மாட்டாள். அவமானத்துக்கு வருத்தம் மேல் என்று எனக்குப் படுகிறது. மறக்காமல் உடனே எழுது.

குழந்தைகளைக் கடலோரம் தனியே விடவேண்டாம். எல்லோருக்கும் எங்கள் அன்பு. நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்,
பரசுராமன்.

பி.கு.: மேற்படிக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாளாய்த் தபால் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன், போட மனம் வரவில்லை. அதற்குள் கனகம் என்னைக் கேட்காமல் ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு ரோல் வாங்கி வந்து, நேரே டீக்கடைக்குப் போய், எல்லார் முன்னிலும் காமிராவின் முதுகைத் திறந்து காட்டி, “இதுல இதுவரைக்கும் ஒண்ணுமே இல்ல. நான் பழகிக்கினேன், அவ்வளவுதான். மன்னிச்சிக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். கிளியம்மாள் எட்டிப் பார்த்து, “அடிப்பாவி, எம்மெருமைய இத்தினி நாளு வெறும் டப்பாவுக்கா சிங்காரிச்சேன்? செரி, இப்பனா பிலிம்மப் போட்டுத் தொல, இட்டாறேன்” என்றாளாம். சின்னப்பையன் சவரம் செய்துகொள்ள உள்ளே ஓடினாராம்.

தம்பி, ஒருவருக்கும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தாமாகவே மோவாயைத் தூக்கி மூச்சை அடக்கி நின்றார்கள், அந்த எருமை உட்பட. படம் கழுவிய ஸ்டூடியோக்காரர், “இன்னாமா, ஒருத்தர்கூட ஆடல, எங்க புடிச்ச இவங்கள?” என்று கேட்டாராம். அத்தனை படமும் கண்ணாடி மாதிரி. ரோலில் கடைசியாக மிஞ்சிய ஒன்றில் என்னை நிறுத்தி எடுத்தாள். அமாவாசை கழிந்து வந்த நாகப்பன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அதைக் கையில் எடுத்து, “எல்லாம் சோக்கா கீது. வாத்தியார் மட்டும் இன்னா, நின்னுகினே தூங்கறாரு?” என்றார். “அவரு மட்டும் பழகலீங்க” என்றாள் கனகம். அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலை பாக்கோடு முன்பணத்தை அவள் கையில் வைத்தார்.

ஆகவே நீ எதையும் திருப்பிக் கேட்க வேண்டாம். முடிந்தால் நாலு ரோல் அனுப்பு. ஆவணியில் வாலாஜாபாத்துக்கு நானும் போகிறேன். குடை பிடிக்கலாம், பெண்டுகளை வரிசையில் நிறுத்தலாம், எந்தப் படத்திலும் விழக்கூடாது என்று கனகத்தின் உத்தரவு.