மூன்றாவது அறிவிப்பு

"உங்க பொண்ணு கப்பல் கட்டப் போகுதாமே! நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே!"

சலவைக் கடைக்காரர் சட்டையை மடித்துக்கொண்டே இதைக் கேட்டபோது, பேருந்து நிலைய அறிவிப்பாளருக்குக் கையிலிருந்த பை நழுவியது. அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அவருக்கே இப்போதுதான் தெரியும். சலவைக் கடைக்குத் தெரிந்திருக்கிறது. மருந்துக் கடைக்குத் தெரிந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரர் போன வாரமே கைகுலுக்கி வாழ்த்துச் சொல்லியிருந்தார். பதவி உயர்வுக்காக்கும் என்று நினைத்து இவரும் பல்லைக் காட்டிவிட்டு வந்திருந்தார்.

நேரே வீட்டுக்குப் போனார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தினம் பத்தாயிரம் பேர் என் பேச்சைக் கேட்டு நடக்கறான்! மூணாவது மேடைன்னு நான் சொன்னா ஊரே மூட்டை முடிச்சோட மூணாவது மேடைக்கு ஓடுது. இந்த வீட்டுல என் பேச்சுக்கு என்ன மரியாதை?"

"செருப்பு" என்றாள் மனைவி. பதிவு அலுவலகத்தில் எழுத்தர் அவள். ஒரு காகிதத்தை மேலிருந்து கீழ்வரை படிக்காமல் எதையும் நம்பாதவள். துவைத்த காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள்.

"செருப்பு கிடக்கட்டும்! பெரியவ கப்பல் கட்டப் போறாளா?"

"கப்பல் கட்டற படிப்பு. இடம் கிடைச்சாச்சு. உங்ககிட்ட நாலு தடவை சொன்னோம். கிரிக்கெட் பாத்துட்டிருந்தீங்க."

"எந்த ஊர்ல?"

"துறைமுகத்துல. கப்பலை வேற எங்கேங்க கட்டுவாங்க?"

"பதினோரு மணி நேரம்!" என்று அலறினார். தூரத்தைப் பஸ் நேரத்தில் சொல்வதுதான் அவர் வழக்கம். "இந்த வீட்டுக் குழாயில ஒரு பக்கெட் தண்ணி சேர ஒரு மணி நேரம் ஆகுது. இங்கே பொறந்தவளுக்குக் கப்பல் எதுக்கு? பத்து நிமிஷ நடையில காலேஜ் இருக்கு. அதுல சேரட்டும். இது என் முடிவு!"

மகள் காதில் இயர்போனை மாட்டியிருந்தாள். அடுத்த வருடம் பள்ளி முடிக்கப்போகும் மகன் செல்போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. மனைவி ஒற்றைக் காலுறை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி! இனிமே இந்த வீட்டுல வாயைத் திறக்க மாட்டேன். அப்படித் திறந்தா, நீங்க நீட்டற காகிதத்துல மறு பேச்சு இல்லாம கையெழுத்துப் போடறேன். இது சத்தியம்!"

கோபத்தில் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு கணக்கு இருந்தது. கல்லூரிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். பேசாதவனிடம் யார் போய்க் கையெழுத்துக் கேட்பது? ஐந்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் கப்பல் தானாகக் கவிழ்ந்துவிடும். மகள் வீட்டிலேயே இருப்பாள். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை யாராவது கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தார். வீடு அமைதியாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இன்னும் அமைதியாக இருந்தது. மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சார் வெளியூரா?" என்று விசாரித்தார். உப்புக்குக் கை காட்டினால் மகன் தண்ணீரைத் தந்தான். தண்ணீருக்குக் கை காட்டினால் துண்டு வந்தது. அத்தனை அவமானத்தையும் விழுங்கிக்கொண்டு உப்பில்லாத முட்டையையும் விழுங்கினார்.

புதன்கிழமை வேலையில் இருக்கும்போது விசாரணைத் தொலைபேசி அடித்தது.

"வணக்கம், பேருந்து நிலையம்."

"சார், துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ்?"

மகளின் குரல். ரிசீவரை வைத்துவிடலாமா என்று பார்த்தார். ஆனால் சத்தியம் வீட்டுக்குத்தான்; இது வேலையிடம். கேட்கிற பயணிக்குப் பதில் சொல்லாமல் இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு நாளும் ரிசீவரை வைத்ததில்லை.

"காலை ஆறு மணி. அடுத்தது ஒன்பதே கால்."

"அங்கேருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வர பஸ் இருக்கா சார்?"

"ஆறரைக்கு ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை காலையில அஞ்சரைக்கு இங்கே வந்துடும்."

"அந்த நேரத்துல நிலையத்துல யாராவது இருப்பாங்களா சார்?"

அவர் கால அட்டவணையைத் தள்ளி வைத்தார். "முதல் ஷிப்ட் ஆள் இருப்பார்" என்றார். முதல் ஷிப்ட் ஆள் அவர்தான்.

"தேங்க்ஸ் சார்" என்று போனை வைத்துவிட்டாள். அடுத்த நிமிஷமே ஒரு பஸ்ஸைத் தவறான மேடைக்கு அறிவித்துவிட்டார். நூறு பேர் மூட்டையோடு இங்கும் அங்கும் ஓடினார்கள்.

வியாழக்கிழமை மாலை டீ மேஜையில் மனைவி எழுந்து நின்றாள். கையில் ஒரு காகிதம். குளிர்பதனப் பெட்டிக் கதவில் எட்டு வருடமாக ஒட்டியிருந்த காகிதம், எழுத்து அவருடையதுதான். 'இவ்வீட்டில் எந்த விஷயமும் மூன்று முறை தெளிவாக அறிவிக்கப்படும். மூன்றாம் அறிவிப்பு முடியும் வரை ஆட்சேபம் வராவிட்டால் அதுவே இறுதி முடிவு.' பஸ் நிலையச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். மிக்ஸி ஓடும் நேரமாகப் பார்த்து மூன்று முறை அறிவித்துத்தான் கூடத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். அந்தப் பச்சையை மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

"அன்பான குடும்பத்தினர் கவனத்துக்கு" என்றாள் அவர் குரலிலேயே. "பெரியவள் கப்பல் கட்டும் படிப்பில் சேருகிறாள். முதல் அறிவிப்பு."

அவர் மேஜையைத் தட்டினார்.

"தட்டறது ஆட்சேபம் ஆகாது. வாயால சொல்லணும். அப்பா எழுதின சட்டம், மாத்த முடியாது" என்றான் மகன்.

"இரண்டாவது அறிவிப்பு."

வியர்த்தது. வாயைத் திறந்தால் சத்தியப்படி கையெழுத்து. திறக்காவிட்டால் சட்டப்படி முடிவு. இரண்டு கதவையும் அவரே செய்து, பூட்டும் அவரே போட்டிருக்கிறார். என்ன அநியாயம் இது! சொந்த வீட்டில், சொந்தக் கையெழுத்தில்!

"மூன்றாவது மற்றும்..."

"ஆட்சேபிக்கிறேன்!" என்ற கத்தலில் மாடியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"அப்பாடா, சத்தியம் முடிஞ்சுது. பேனா" என்றாள் மனைவி.

மகள் பேனாவோடும் படிவத்தோடும் வந்து நின்றாள். உறுமிக்கொண்டே வாங்கினார். 'தந்தை அல்லது தாய்' என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே மனைவியின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தேதியைப் பார்த்தார். போன மாதம்.

"அல்லதுன்னு போட்டிருக்கே! நீதான் போட்டுட்டியே! அப்புறம் எதுக்கு என் மானத்தை வாங்கறே?"

"நான் போட்டுட்டேன். இவ அனுப்ப மாட்டேங்கறா. அப்பா போடாம போக மாட்டாளாம். ஒரு மாசமா பையிலேயே வெச்சிருக்கா."

அவர் மகளைப் பார்த்தார். அவள் காதில் இயர்போன் இல்லை. "நீங்க வேண்டாம்னா நிஜமாவே போகலைப்பா" என்றாள்.

இப்படிக் கேட்டால் ஒரு மனிதன் எப்படிக் கோபமாக இருப்பது? இது எந்தச் சட்டத்தில் நியாயம்? மனைவியின் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே, கட்டத்தை மீறிப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு அறிவிப்பு அறையில் அவர்தான் இருந்தார். "துறைமுகம் செல்லும் பயணிகள் கவனத்துக்கு" என்று ஒரு முறை சொன்னார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை சொன்னார். கண்ணாடி வழியே பார்த்தார். ஜன்னலோர இருக்கையில் மகள். நான்காம் முறையும் சொன்னார். ஐந்தாம் முறை தொடங்கும்போது மனைவி கதவைத் திறந்தாள்.

"என்னங்க, மூணுக்கு மேல கிடையாது. டிரைவர் ஹாரன் அடிச்சு அடிச்சுக் கை வலிக்குதுங்கறார்."

பஸ் புறப்பட்டது. ஜன்னலில் ஒரு கை ஆடியது. மைக்கை அணைத்துவிட்டு அழுதார். அணைத்துவிட்டு அழும் அளவுக்குத் தொழில் சுத்தம் இருந்தது.

மனைவி முதுகைத் தடவிக் கொடுத்தாள். "ஷிப்ட் முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வந்துடுங்க. சின்னவன் படிப்பைப் பத்திப் பேசணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இந்தத் தடவை ஏமாற மாட்டேன். முதல் அறிவிப்புலயே ஆட்சேபிப்பேன். எங்கே அவன்? வந்து சொல்லச் சொல்லு!"

"இவ்வளவு நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு மூணு தடவையும் சொல்லிட்டான். நீங்க மைக்ல இருந்தீங்க. பஸ்ஸே போகாத ஊராம்."