டப்பில் ஒரு சத்தமும் இருக்காது

கருவடிக்குப்பத்தில் கன்னியப்பனுக்குச் சொந்த வீடு இருந்தது. அதில் அவன் சொன்னபடி நடக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். குளியலறை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டால் அங்கே அவன்தான் ராஜா. ஷவரைத் திறந்தால் திறக்கும், மூடினால் மூடும். வீட்டில் வேறு எதுவும் அவன் இஷ்டப்படி திறந்து மூடியது கிடையாது. அவன் வாய் உட்பட.

மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. காலி என்பது அவன் மனைவி அஞ்சலாட்சியின் கணக்கு. கன்னியப்பன் கணக்கில் அங்கே ஒரு கேரம் போர்டு இருந்தது, மின்விசிறி இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் எதிர்வீட்டுக் கிருஷ்ணசாமி இருந்தான். ஒரு மனிதன் உயிரோடு இருக்க இதற்குமேல் என்ன வேண்டும்?

அந்த அறையில் தன் தம்பி வெற்றிவேலைக் குடிவைக்க வேண்டும் என்பது அஞ்சலாட்சியின் ஆசை. பையனுக்கு வேலை தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில். வீடு அரியாங்குப்பத்தில். தினமும் பாலத்து நெரிசலில் புகை குடித்து வந்து போகிறான். அக்கா வீட்டில் அறை சும்மா கிடக்கிறது. நியாயமான ஆசைதான். அதுதான் கன்னியப்பனுக்குக் கஷ்டமாக இருந்தது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று சொல்ல மனசு வரவில்லை. இரண்டும் வராதவன் எங்கே போவான்? குளிக்கப் போவான்.

"ஏங்க, வெற்றிவேலு விஷயம் இன்னா ஆச்சி?"

"இரு, ஒடம்பெல்லாம் கசகசன்னு இருக்குது. குளிச்சிட்டு வந்துடறேன்."

அவள் விடமாட்டாள். கதவுக்கு வெளியே நின்று விஷயத்தை விளக்குவாள். உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும்.

"ஷவர்ல இருக்கேன் அஞ்சலை. ஒண்ணும் கேக்கல. அப்பறம் சொல்லு."

உண்மையில் எல்லாம் கேட்கும். உப்புத் தண்ணீரில் பாதித் துவாரம் அடைத்துப்போன ஷவர் அது. சத்தம் போட அதற்குத் தெம்பு ஏது? அஞ்சலாட்சி சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் காதில் விழும். ஆனாலும் அவள் நம்பினாள். நம்புகிறாள் என்று அவன் நம்பினான். குடும்பம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கெடுத்தது ஒரு டப்பு, படுத்துக் குளிக்கிற தொட்டி.

கடற்கரையோரம் பிரெஞ்சுக்காரன் காலத்து வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருந்தார்கள். ஃபியூஸ் போனால், குழாய் ஒழுகினால், ஏசி முனகினால் அங்கே கன்னியப்பனைத்தான் கூப்பிடுவார்கள். சனி ஞாயிறில் பெங்களூரிலிருந்து வரும் பிள்ளைகள் பீச் மணலை உடம்பு முழுக்க அப்பிக்கொண்டு வந்து நேராக டப்பில் இறங்குவார்கள். டப்பு அடைத்துக்கொள்ளும். கன்னியப்பன் மண் வாருவான். கடைசியில் மேனேஜருக்கே வெறுத்துப்போய்விட்டது. டப்பையெல்லாம் எடுத்துவிட்டு ஷவர் மாட்டு என்றார். வேண்டுமானால் நீ ஒன்று எடுத்துக்கொண்டு போ என்றும் சொன்னார்.

கழற்றுவதற்கு முன்னால், ஆளில்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கன்னியப்பன் அதில் படுத்துப் பார்த்தான். தண்ணீர்கூட இல்லை. சட்டை பேன்ட்டோடுதான். கால் நீண்டது. முதுகு சாய்ந்தது. யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. மனிதனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் அஞ்சலாட்சி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"இத்தன வருஷமா நாம குளிச்சதெல்லாம் குளியலே இல்ல அஞ்சலை."

"உங்க சங்கதி எனக்குத் தெரியாதா? சோப்பு கரையவே மாட்டேங்குது."

"அத சொல்லல. ஷவர்ல குளிக்கிறது இன்னா குளியலு? ரேஷன் கடைல நிக்கிற மாதிரி நின்னுக்கினே இருக்கணும். டப்புன்னா ஜம்முனு படுத்துக்கினு குளிக்கலாம்."

"படுக்க கட்டில் இருக்குது. குளிக்க பாத்ரூம் இருக்குது. ரெண்டையும் ஒண்ணாக்குன்னு யாரு அழுதாங்க?"

"ஒடம்பு பூரா தண்ணில ஊறும்."

"அழுக்கும் கூட சேந்து ஊறும். அதுக்குப் பேரு குளியல் இல்ல, ஊறுகா."

"அப்ப வெள்ளைக்காரன்லாம் முட்டாளா?"

"அவன் ஊரு குளுரு, ஊறிக்கினு கெடக்கறான். நம்ம ஊருல சும்மா நின்னாலே வேர்வைல ஊறிடறோம். மேலருந்து தண்ணி ஊத்தி அழுக்கு கீழ போனாதான் அது குளியலு. டப்புல இருக்கறது பூரா நம்மள கழுவுன தண்ணி. எந்திரிச்சி வந்து இன்னொருதரம் குளிக்கணும்."

கன்னியப்பன் தோற்றுக்கொண்டிருந்தான். வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து குளிக்கப் போய்விடுவான். வாதமே குளியலைப் பற்றி என்பதால் அதற்கும் வழியில்லை. கையில் இருந்த கடைசி அஸ்திரத்தை எடுத்து விட்டான்.

"அமைதின்னு ஒண்ணு இருக்குது பாரு. ஷவர்னா சளசளன்னு ஒரே எரைச்சல். டப்புல ஒரு சத்தமும் இருக்காது. தெருக்கோடில காக்கா கத்துனாகூட காதுல உழும். தியானம் பண்ற மாதிரி."

அஞ்சலாட்சியின் கை நின்றது. ஒரு நெத்திலி பாதித் தலையோடு காத்திருந்தது.

"ஒரு சத்தமும் இருக்காதா?"

"இருக்காது."

"வெளிய நின்னு பேசுனாகூட கேக்குமா?"

"குண்டூசி உழுந்தா கேக்கும்."

"அப்ப கொண்டாங்க," என்று சொல்லிவிட்டு நெத்திலியின் தலையைக் கிள்ளினாள்.

புத்தியுள்ள புருஷனாக இருந்தால் இங்கே கொஞ்சம் யோசித்திருப்பான். கன்னியப்பன் யோசிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் ஒரு வாதத்திலும் ஜெயித்திராதவனுக்கு, ஜெயித்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டான்.

டப்பு குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது. தெருவே வேடிக்கை பார்த்தது. குளியலறைக் கதவைக் கழற்றி, டப்பை ஒருக்களித்து உள்ளே நுழைத்தால் ஷவர் குழாய் குறுக்கே இடித்தது.

"அத கழட்டிடுங்களேன். டப்பு வந்தப்பறம் அது எதுக்கு?" என்றாள் அஞ்சலாட்சி.

"அதான, எதுக்கு?" என்று கன்னியப்பனே ஸ்பானரைப் பிடித்துக் கழற்றி ஷவரை அவள் கையில் கொடுத்தான். அவள் அதைப் பழந்துணியால் துடைத்துப் பத்திரமாக உள்ளே எடுத்துப் போனாள்.

முதல் ஞாயிறு வந்தது. சித்திரை மாதம். காலையிலேயே மாடித் தொட்டியில் தண்ணீர் இதமாகக் காய்ந்திருந்தது. டப்பை நிரப்பி, தலைக்குத் துண்டை மடித்து வைத்து, கன்னியப்பன் மெதுவாக இறங்கிப் படுத்தான். அடடா! தண்ணீர் அவனைத் தூக்கிப் பிடித்தது. இடுப்பு வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தெருவில் கோலமாவுக்காரர் கூவிப் போவது தெளிவாகக் கேட்டது. தான் சொன்னதெல்லாம் நிஜம் என்பதில் அவனுக்கே ஒரு பெருமை.

அப்போது கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி இழுபடும் சத்தமும் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, தண்ணி பதமா இருக்குதா?"

பழக்கதோஷம். "டப்புல இருக்கேன் அஞ்சலை, ஒண்ணும் கேக்கல," என்றான்.

"கேக்கலன்னா எதுக்குப் பதில் சொல்றீங்க?"

கன்னியப்பனுக்குச் சுரீர் என்றது. வெந்நீரில் படுத்திருந்தவனுக்கு முதுகில் குளிர் ஏறியது.

"வெற்றிவேலு நேத்து போன் பண்ணான். பாலத்துல ஒரு மணி நேரம் நின்னானாம்."

கையால் தண்ணீரைச் சளப் சளப்பென்று அடித்தான்.

"தண்ணிய வெளிய எறைக்காதீங்க. நீங்கதான் தொடைக்கணும்."

குழாயைத் திறந்துவிட்டான். சத்தம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் டப்பு நிரம்பி வழிந்து, தண்ணீர் கதவுக்கு அடியில் வெளியே போய் அவள் காலைத் தொட்டது.

"டேங்க் காலியாவுது. அத மூடிட்டுப் பதில் சொல்லுங்க."

மூடினான். டப்பில் படுத்திருப்பவன் அவசரத்துக்கு எழுந்துகூட ஓட முடியாது, வழுக்கும். ஓடினாலும் வாசலில் அவள் நாற்காலி.

"யோசிச்சி சொல்றேன்," என்றான்.

"எப்ப?"

"அடுத்த வாரம்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கெடு கொடுத்துவிட்டான். அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கேரம் ஆடும்போது கருப்புக் காயைப் போடுவதற்குப் பதில் சிவப்பைப் போட்டான். கிருஷ்ணசாமியே பரிதாபப்பட்டு அதைத் திருப்பி எடுத்து வைத்தான்.

அடுத்த ஞாயிறு. வெளியே நாற்காலி வந்தாயிற்று. "ஏங்க," என்று அவள் ஆரம்பித்தபோது கன்னியப்பன் சோப்பை எட்டினான். வழுக்கியது. தலை பின்னால் போய் இரண்டு காதும் தண்ணீருக்குள் இறங்கின.

உலகம் அணைந்துவிட்டது. அவள் குரல் எங்கோ பக்கத்து ஊர்த் திருவிழா மைக் மாதிரி ஙொய்யென்று வந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே. கன்னியப்பன் கூரையைப் பார்த்துச் சிரித்தான். ஷவரில் கேட்கவில்லை என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே அந்தப் பாவம்கூட இல்லை. டப்பு நல்லதா, ஷவர் நல்லதா என்று இனி எவன் கேட்டாலும் டப்புதான் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தான்.

தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அஞ்சலாட்சி நாற்காலியை அப்படியே விட்டுவிட்டு அடுப்படியில் இருந்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"இன்னாமோ சொன்ன மாதிரி இருந்துச்சே?" என்று லேசாக விட்டுப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லங்க. நீங்க நல்லா குளிச்சீங்களா?"

வெற்றிவேல் பேச்சே எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எடுக்கவில்லை. பாவம், அலுத்துப்போய் விட்டுவிட்டாள் என்று கன்னியப்பனுக்கு மனசு இளகியது. வேலை முடிந்து வரும்போது பெரிய மார்க்கெட்டில் இரண்டு முழம் முல்லை வாங்கி வந்து கொடுத்தான். தோற்றவளுக்கு ஆறுதல் பரிசு. அவள் சிரித்துக்கொண்டே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு, விரல் நுனியெல்லாம் சுருங்குகிற வரை ஊறிவிட்டு எழுந்தான். காதிலிருந்து தண்ணீர் வடிந்ததும் முதலில் கேட்டது மாடியில் தடால் என்று ஒரு சத்தம். இடுப்பில் துண்டோடு படியேறி ஓடினான்.

கட்டிலின் ஒரு முனையை வெற்றிவேல் பிடித்திருந்தான். மறுமுனையைக் கிருஷ்ணசாமி பிடித்திருந்தான். கேரம் போர்டு வெளியே சுவரோரம், வாத்தியார் வெளியே நிறுத்திய பிள்ளை மாதிரி நின்றது.

"கிருஷ்ணசாமி, நீயா?"

"நீதானப்பா சரின்னுட்ட. நான் இன்னா பண்றது?"

"நான் எப்ப சரின்னேன்?"

"போன ஞாயித்துக்கெழம. தங்கச்சி நெத்திலி வறுவல் குடுத்து சாட்சிக்கு வாண்ணான்னு கூப்டுச்சி. பாத்ரூம் வாசல்ல நின்னேன். வேணாம்னா ஒரு வார்த்த சொல்லுங்க, சொல்லலன்னா சரின்னு எடுத்துக்கறேன்னு ஏலம் வுடற மாதிரி மூணு தரம் கேட்டுச்சி. நீ கம்முனு கெடந்த. எனக்கே நம்ப முடியல."

பின்னாலேயே தலையணையோடு படியேறி வந்தாள் அஞ்சலாட்சி. தலையில் புதுசாக முல்லைப்பூ.

"ஏங்க, உங்களுக்குக் கேக்கலயா?" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

கன்னியப்பன் வாயைத் திறந்தான். கேட்கவில்லை என்று சொன்னால், குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்று சொன்னது யார்? காதைத் தண்ணீருக்குள் வைத்திருந்தேன் என்றால், எதற்கு வைத்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பழைய ஷவர்ப் பொய் வரைக்கும் போகும்.

"கேட்டுச்சி," என்றான்.

"அதான பாத்தேன். அந்தக் கட்டில ஜன்னலோரம் போடுடா."

கீழே வந்து உட்கார்ந்தவனுக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது. டப்பைத் தூக்கி எறிந்துவிட்டு ஷவரையே மறுபடி மாட்டிவிட வேண்டும்.

"அஞ்சலை, அந்த ஷவர எங்க வெச்ச?"

"மாடி பாத்ரூமுல வெறும் கொழாதான இருக்குது, வெற்றிவேலுக்கு மாட்டிக் குடுத்துடலாமான்னு அன்னிக்கே கேட்டேன். அதுக்கும் நீங்க வேணாம்னு சொல்லலயே."

சாயங்காலம் ஆயிற்று. கேரம் ஆடும் நேரம். கன்னியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மச்சான் நல்ல பையன். மாமன் நேரில் வந்து கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மூலையில் போர்டைப் போட்டுக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினான். அறை வாசலில் நின்றிருந்த வெற்றிவேல் மாமனைப் பார்த்தான், போர்டைப் பார்த்தான், சட்டென்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக் குளியலறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

உள்ளே ஷவர் திறந்தது. பாதித் துவாரம் அடைத்த, தெம்பில்லாத அதே சத்தம்.

"மச்சான், ஞாயித்துக்கெழம மட்டும் ஒரு ரெண்டு ஆட்டம் ஆடிக்கறோம்பா," என்றான் கன்னியப்பன், கதவுக்கு வெளியே நின்று.

"ஷவர்ல இருக்கேன் மாமா. ஒண்ணும் கேக்கல. அப்பறம் சொல்லுங்க."